பெரில் நடக்காத மேடு

சட்டன் பாங்க் மேட்டில் கார் கொதித்து நின்றது. கனம் குறைந்தால்தான் மேலே ஏறும். பெரில் மடியிலிருந்த பிளாஸ்கையும் சாண்ட்விச் டப்பாவையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த நல்ல செருப்போடு மேடு முழுக்க நடந்தாள். பின்னால் வந்த கிளப் கார்கள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்து, கையசைத்து, அவளைத் தாண்டிப் போயின. உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு கணவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அடுத்த வருஷம் இந்த மேட்டுல நான் நடக்க மாட்டேன் ட்ரெவ். சொல்லிட்டேன்."

ட்ரெவர் கிரீன்வுட்டுக்கு அது சுருக்கென்று தைத்தது. அந்தக் கார் கடையில் வாங்கியதல்ல. உடம்பும் சட்டமும் பெட்டி பெட்டியாக வந்தவை. இன்ஜினும் பின் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சிலும் மோதி நசுங்கிய ஒரு பழைய காரிலிருந்து கழற்றியவை. ஹாலிஃபாக்ஸில் தன் வீட்டு ஷெட்டில் அவனே பூட்டிய வண்டி. இரண்டு பேருக்கு மட்டும் இடம். கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. கோடைதோறும் கிளப்காரர்கள் எல்லோரும் இப்படிப்பட்ட கார்களில் மலைமேல் ஏறி விட்பி கடற்கரைக்குப் போய் வறுத்த மீன் தின்றுவிட்டு வருவார்கள். மழை பெய்தாலும் போவார்கள். பெய்யாமல் இருந்ததே இல்லை. பெரிலும் ஒரு வருஷம் தவறாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நனைந்திருக்கிறாள்.

குளிர்காலம் தொடங்கியதும் பெரிய இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தான். அதை உள்ளே இறக்கினால் பானெட் மூடவில்லை. பானெட்டில் ஓட்டை போட்டான். ஓட்டை போட்டால் ரேடியேட்டர் இடித்தது. ரேடியேட்டரை முன்னால் தள்ளினால் விளக்கைப் பொருத்த இடமில்லை. ஒன்றைத் தொட்டால் ஒன்பது வேலை வந்து நின்றது. ஒரு போல்ட்டுக்காக ஒரு சாயங்காலம் முழுக்க மல்லாந்து கிடந்துவிட்டு, கடைசியில் ஸ்பேனரைத் தோட்டத்தில் வீசினான். மறுநாள் அதையே பனியில் துழாவித் தேடினான்.

நண்பன் கீத் வந்து, சுவரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தான். அவன் கையால் ஒரு நட்டைக் கூடத் தொடமாட்டான்.

"ஏன்டா, காருக்கு இன்ஜின் மாத்துறியா, இல்ல இன்ஜினுக்குக் கார் தேடுறியா?"

"வாய மூடிக்கிட்டு அந்த டார்ச்சையாவது பிடி."

ஒருவழியாக இன்ஜின் உட்கார்ந்தது. தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளட்ச்சை விட்டான். பின்னால் பீங்கான் தட்டுகளைத் தரையில் போட்டு உடைத்ததுபோல ஒரு சத்தம். பழைய ஆக்சிலின் பல் சக்கரங்கள் பொடிப்பொடியாகிவிட்டன. அந்த ஆக்சில் பழைய இன்ஜினின் பலத்துக்குச் செய்தது. புதியதின் முரட்டுத்தனத்தைத் தாங்கவில்லை. அக்கம்பக்கத்தார் உதவிக்கு வந்து காரைத் தள்ளிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ட்ரெவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பழைய டெலிவரி வேன் ஒன்றிலிருந்து கனமான ஆக்சில் கிடைத்தது. நல்ல முரட்டு ஆக்சில்தான். ஆனால் நாலு விரல் அகலம் கூடுதல், டயர்கள் மட்கார்டுக்கு வெளியே துருத்தின. அதைவிடப் பெரிய தொல்லை, தண்டு வந்து சேரும் அதன் மூக்கு நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. கியர்பாக்ஸிலிருந்து பின்னால் ஓடும் நீளத் தண்டும் இடப்பக்கமாகத்தான் ஓட வேண்டும். அப்படியானால் இரண்டு இருக்கைக்கும் நடுவில் தண்டை மூடியிருக்கும் தகரக் கூட்டையும் இடப்பக்கம் நகர்த்தி வெல்டிங் வைத்தாக வேண்டும். பெரிய இன்ஜினோடு வந்த கியர்பாக்ஸும் பழையதைவிடப் பருமன். கூட்டை நகர்த்தினான். தன் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். மறுபடி உட்கார்ந்து பார்த்தான். கால் தாராளமாக நீண்டது. பக்கத்து இருக்கையில் குளிர்காலம் முழுக்கக் கருவிப்பெட்டிதான் உட்கார்ந்திருந்தது.

பெரில் டீ கொண்டு வரும்போதெல்லாம் கேட்டாள். "நான் ஒரு தடவை ஏறி உக்காந்து பாக்கட்டுமா?"

"இப்ப வேணாம்மா, எல்லாம் கிரீஸு. முடியட்டும்."

முடிந்தது. விட்பி பயணத்துக்கு முந்தின நாள் மதியம் ஊரைச் சுற்றி ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, இளவட்டம்போல் சிரித்துக்கொண்டு வந்து நின்றான். கருவிப்பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தான். இருக்கையைத் துடைத்தான். "வா, மகாராணி."

பெரில் ஏறினாள். உட்கார முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள், கோட்டைக் கழற்றிவிட்டு முயன்றாள். அத்தனை வருஷமும் அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்த இடம், இப்போது ஒரு சாண் குறைந்துபோயிருந்தது. தகரக் கூடு இடுப்பில் குத்தியது. இறங்கிப் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"போன வருஷம் மேட்டுல மட்டுந்தான் நடந்தேன். இந்த வருஷம் விட்பி வரைக்கும் நடக்கணுமா?"

ட்ரெவர் குனிந்து கூட்டைப் பார்த்தான். கூட்டை வெட்டி நகர்த்துவதென்றால் ஆக்சிலிலிருந்து எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். ஒரு ராத்திரியில் ஆகிற காரியமா? யாருக்காக அவ்வளவும் செய்தானோ, அவளுக்கே இடமில்லை. தன் மேல் வந்த கோபத்தில் கூட்டை ஓங்கி உதைத்தான். கால் கட்டைவிரல்தான் வீங்கியது. வலியில் உளறியும் கொட்டினான்.

"கீத் கார்ல ஒரு சீட்டு காலிதான். அவன்கூட வாயேன்."

"கீத் பக்கத்துல உக்காரவா குளிர்காலம் பூரா உனக்கு டீ போட்டேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றாலும் அவனே எழுந்துபோய் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

காலையில் அவன் ஷெட்டுக்குப் போனபோது பெரில் ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். தலையில் ஸ்கார்ஃப், முதுகுக்குப் பின்னால் வரவேற்பறைக் குஷன். கையை நீட்டினாள்.

"சாவி."

"பெரில், இது மத்த வண்டி மாதிரி இல்ல..."

"தெரியும். இருபது வருஷமா இதையேதான் சொல்ற. கிராமம் கிராமமாப் புத்தகம் கொண்டுபோற நூலக வேன நான் எந்தெந்தச் சந்துல ஓட்டினேன்னு உனக்குத் தெரியாதா? பனியில, ஆட்டுமந்தைக்கு நடுவுல. சாவியக் குடு. இல்லன்னா தனியாப் போ."

தனியாகப் போகலாம். புது இன்ஜின், புது ஆக்சில், அவன் உழைப்பு. கீத்தும் மற்றவர்களும் பார்க்க, காலிச் சீட்டோடு அந்த மேட்டில் சீறி ஏறலாம். அதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தான். சாவியைக் கொடுத்தான்.

அவன் ஒல்லிப்பிச்சான். அப்படியும் முழங்கால் மோவாயில் இடிக்கத்தான் அந்தப் பக்கத்தில் ஒடுங்க முடிந்தது. பிளாஸ்கும் சாண்ட்விச் டப்பாவும் அவன் மடிக்கு வந்தன. சாலை நெடுகத் திட்டிக்கொண்டே போனான். கியரை மாற்று, இப்போது மாற்றாதே, லாரி வருகிறது பார். அவள் காதிலேயே வாங்கவில்லை. மழை பிடித்தது. பிடித்துக்கொள்ள அவனுக்கு ஸ்டீயரிங் கூட இல்லை. டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நனைந்தான்.

மேட்டின் அடியில் பெரில் ஒரு கியர் குறைத்தாள். கார் சும்மா அள்ளிக்கொண்டு போனது. ஆவி இல்லை, கொதிப்பு இல்லை. வளைவில் இரண்டு கிளப் கார்களைத் தாண்டினாள். தாண்டும்போது ஹாரன் அடித்தாள். பிளாஸ்க் மூடி கழன்று சுடச்சுட டீ ட்ரெவரின் தொடையில் கொட்டியது.

"எம்மா! இதைப் பிடிச்சுக்கிட்டு எப்படித்தான் வந்த இத்தனை வருஷமும்?"

"இப்படித்தான்" என்றாள் பெரில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உச்சியில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ட்ரெவரால் தானாக வெளியே வர முடியவில்லை. கீத் ஒரு கையையும் இன்னொருவர் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். கீத் குனிந்து தகரக் கூட்டைத் தட்டிப் பார்த்தான். "இது ஒண்ணுமே இல்லடா. அடுத்த குளிர்காலத்துல வெட்டி நகத்திடலாம். வெல்டிங் மிஷின் நான் கொண்டாறேன்."

ட்ரெவர் ஆவலாக நிமிர்ந்தான்.

"யாராவது அதுல கை வெச்சுப் பாருங்க, அப்புறம் தெரியும்" என்று பெரில் சாவியைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மிச்சமிருந்த டீயை எல்லோருக்கும் ஊற்றினாள். ட்ரெவருக்குக் கடைசியாகத்தான் வந்தது. அரைக் கோப்பைதான் இருந்தது.