பந்தலின் மேல் ஒரு தறப்பாள்

ஊரை விட்டு வந்து குடியேறிய ஒடாஹுஹுவில் இராசமலர் அக்கா எனக்கு அடுத்த வீடு. பகலிலும் திரைச்சீலை திறக்க மாட்டார். வானம் தெரிகிற இடத்தில் இருக்கச் சொன்னால் தேளைக் கண்டவர்போல எழும்பிவிடுவார். கார் ஓட்டவும் பழகவில்லை. ஆகவே அவருக்குச் சம்பளமில்லாத சாரதி நான். வழி முழுக்க முணுமுணுப்பேன், அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

மவுண்ட் வெல்லிங்டனில் தெல்மா என்ற யூத மூதாட்டியைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. போன வருடம் தெல்மா கூடாரப் பண்டிகை கொண்டாட ஆசைப்பட்டார். அறுவடை முடிந்ததும் வருகிற பண்டிகையாம். ஆனால் பூமியின் தென்பாதியில், இங்கே, அது வசந்தகாலம், மழைதான் விளைச்சல். முன்னோர் பாலைவனத்தில் குடிசைகளில் அலைந்ததை மறக்காமலிருக்க, முற்றத்தில் பந்தல் போட்டு ஏழு நாளும் அதற்குள் சாப்பிட வேண்டும். தெல்மா வீட்டை விற்று முதியோர் இல்லத்துக்குப் போகவிருந்தார். அவருக்கு இதுதான் கடைசிப் பந்தல்.

தெல்மாவின் சமூகத்து ஆட்கள் வந்து பந்தல் கட்டி, ஈச்சோலை பரப்பிவிட்டுப் போனார்கள். அக்கா முட்டைக்கோவா இலையில் இறைச்சியும் அரிசியும் உலர்ந்த திராட்சையான முந்திரிகை வற்றலும் வைத்துச் சுருட்டி, தக்காளிச் சாற்றில் அவித்தார். குருத்தோலையோடு சேர்த்துப் பிடித்து வேண்டுவதற்காகத் தெல்மா பொத்திப் பொத்தி வைத்திருந்த கடாரங்காயைப் பார்த்து, பிறகு ஊறுகாய் போடலாமா என்றுகூடக் கேட்டாராம்.

முதல் நாள் பொழுதுபடும் நேரம் அக்காவை ஏற்றப் போனேன். இருவரும் குசினி வாசலில் நின்றார்கள். பந்தலுக்குள் மெழுகுவர்த்தி எரிந்தது. கூரைக்கு மேல், மூலைக்கு மூலை இறுக்கிக் கட்டிய நீலப் பிளாஸ்டிக் தறப்பாள். தெல்மா மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அக்கா கட்டியிருக்கிறார். மெழுகுவர்த்தி ஏற்றி நிமிர்ந்த பிறகுதான் தெல்மா அதைக் கண்டாராம்.

"கூரை மண்ணில் முளைத்ததாக இருக்க வேண்டும். அதற்கு மேல் வானம்தான் இருக்கலாம்," என்றார் தெல்மா. "பிளாஸ்டிக்குக்குக் கீழே சாப்பிட்டால் கணக்கில்லை. இப்போது புனித நாள் தொடங்கிவிட்டது. நான் அவிழ்க்கக்கூடாது, எனக்காக அவிழ்க்கச் சொல்லி இவளைக் கேட்கவும் கூடாது." அவர் குரலில் கோபமில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுமை கிடையாது. "மழையே இல்லை, பிறகென்னத்துக்கு இது? விடுங்கோ, நான் கழட்டுறன்" என்று ஏறுவதற்குக் கதிரையை இழுத்தேன்.

"தொடாதை," என்றார் அக்கா. "மழைக்கில்லை. உள்ளுக்கு விளக்கு எரியுது. வெளிச்சம் மேல தெரியும்."

மேலே பயணிகள் விமானமொன்று இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா அது போய் மறையும்வரை கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்றார்.

"வன்னியில, சண்டை முடியிற கடைசியில, எங்கட கொட்டிலுக்குத் தறப்பாள் கிடைக்கேல்லை. வெறும் ஓலைதான். நிருஜா விளக்கைக் கொளுத்திப்போட்டுப் படுத்திருந்தவள். 'அம்மா, ஓலைக்குள்ளால வெள்ளி தெரியுது' எண்டாள். வெள்ளி தெரிஞ்சால் விளக்கும் தெரியுமெண்டு எனக்கு விளங்கேல்லை. தண்ணிக்குப் போட்டுத் திரும்பி வாறன், கொட்டில் இல்லை."

வெள்ளி என்றால் எங்களுக்கு நட்சத்திரம். பக்கத்து வீட்டில் இத்தனை வருடம் இருந்தும், அவருக்கொரு மகள் இருந்தது எனக்குத் தெரியாது. என் முணுமுணுப்பெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. "குண்டு பகலிலும்தானே அக்கா விழுந்தது," என்றேன். நான் தெல்மாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

குசினியிலேயே சாப்பிடுவோம் என்று தெல்மா தட்டுகளை எடுக்கத் திரும்பினார்.

பந்தலுக்குள் கூடுதலாக ஒரு கதிரை கிடந்தது. அது யாருக்கு என்று அக்கா கேட்டார்.

"போய்ச் சேர்ந்தவர்களுக்கு. முன்னோரைப் பெயர் சொல்லி விருந்துக்கு அழைப்பது எங்கள் வழக்கம். நான் என் கணவரையும் அழைக்க நினைத்திருந்தேன்."

அக்கா அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறொரு கதிரையில் ஏறி முடிச்சுகளை அவிழ்த்தார். கடைசி முடிச்சு வரவில்லை, பல்லால் இழுத்தார். தறப்பாள் சரசரவென்று சரிந்து விழுந்தது. ஓலைக்கு மேல் ஒரேயொரு வெள்ளி தெரிந்தது. அக்கா தலையைக் குனிந்தபடி உள்ளே போய் இருந்தார்.

தெல்மா கணவரின் பெயரைச் சொல்லி அழைத்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நிருஜா," என்றார் அக்கா. "வா பிள்ளை."

வெறுங்கதிரைக்கு முன்னால் ஒரு தட்டை வைத்து, கோவாச் சுருள் ஒன்றைப் போட்டார். பிறகு அதைப் பிரித்து, முந்திரிகை வற்றலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கத் தொடங்கினார்.

"இது அவளுக்குப் பிடிக்காது," என்றார்.