சொல்லாமல் விட்ட பத்து நிமிடம்

ஒரு மருந்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதைப் பிழையின்றி அறிந்த ஒருவர் வீட்டில் இருக்கும்போதே, அந்த மருந்து அதே வீட்டுக் குழந்தையைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோகுமானால், குற்றம் யாருடையது? தேய்த்த கையுடையதா, அறிந்திருந்தும் சொல்லாத வாயுடையதா? ஊர் ஊராகச் சென்று தாய்மார்களிடம் மருந்துகளைப் பற்றிப் பேசுவதையே வேலையாகக் கொண்டிருக்கும் எனக்கு, இக்கேள்வி படித்த பாடங்களிலிருந்து வந்ததன்று. ஆறாம் வகுப்பில் படித்தபோது, ஒரு வியாழக்கிழமைப் பிற்பகலில் வந்தது.

கீரனூரிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பா வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தார். அம்மா திருச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். காலை ஏழரை பஸ்ஸுக்குப் போனால் நாங்கள் உறங்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். என்னையும் நான்கு வயதுத் தங்கையையும் பார்த்துக்கொண்டது அத்தை, அப்பாவின் தங்கை. மணமாகிச் சில ஆண்டுகள் குழந்தை இல்லையென்று புகுந்த வீட்டார் கொண்டுவந்து விட்டுப் போனவள். எங்கள் வீட்டில் அவளுக்கென்று இருந்தவை ஒரு தகரப் பெட்டியும் எங்கள் இருவரின் தலைகளுந்தாம்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் தலைகள் அவளுடைய ஆட்சிக்குள் வந்துவிடும். விளக்கெண்ணெயோ அரைத்த வெந்தயமோ செம்பருத்தி இலையோ, எதைத் தேய்த்தாலும் அதைத் துணியால் கட்டி, மணிக்கணக்கில் ஊறவிட்டுத்தான் வெந்நீர் ஊற்றுவாள். "ஊறாம என்ன இறங்கும்?" என்பாள். செவ்வாய், வெள்ளி தவிர வேறு நாளில் பெண்பிள்ளைகள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இந்த இரண்டு பழக்கங்களிலும் தீங்கு ஒன்றுமில்லை. எண்ணெய்க்கும் வெந்தயத்துக்கும் அவை பொருத்தமானவையே.

அந்த ஆண்டு எங்கள் இருவருக்கும் பேன் பிடித்தது. ஒரே பாயில், ஒரே தலையணையில் படுப்பவர்கள் நாங்கள். தங்கை சொறிந்து சொறிந்து பிடரியிலும் காதோரத்திலும் புண்ணாக்கிக்கொண்டாள். பள்ளி ஆண்டு விழாவுக்காக நடந்த கோலாட்டப் பயிற்சியில் எனக்கு அடுத்து நின்ற பெண் ஒரு நாள் கோலைக் கீழே போட்டுவிட்டு, "டீச்சர், இவ தலையில இருந்து என் தோள்ல விழுந்துருச்சு" என்று உரக்கச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து வரிசையில் என் இரு பக்கமும் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் காலியாகவே இருந்தது.

செய்தி அம்மாவுக்குப் போனபோது, அவள் சேலையைக்கூட மாற்றாமல் தீர்ப்பளித்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள போகலைன்னா ரெண்டு பேரையும் விராலிமலைக்குக் கூட்டிட்டுப் போயி மொட்டை போட்டுருவேன். கடையில என் மேலயும் ஊர்றதப் பாத்து ஒருத்தி சொல்லிக் காமிக்கிறா."

"பெரியவ வயசுக்கு வரப்போற பிள்ளை மதினி. அவளை மொட்டையா நிப்பாட்டலாமா?" என்றாள் அத்தை.

"அப்ப நீ பாத்து எடுத்திருக்கணும். பகல் பூராம் ஒனக்கு வேற என்ன வேலை?"

மறுநாளிலிருந்து அத்தை பேன் சீப்போடு எங்களை மடியில் சாய்த்துக்கொண்டு இழுத்து இழுத்துப் பார்த்தாள். அதையே நாள்தோறும் விடாமல் செய்திருந்தால், மருந்தே இல்லாமல்கூட நாளடைவில் பேன் போயிருக்கும் என்பதை இப்போது அறிவேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா பள்ளிக்கு வந்தார். பேன் இருந்த பிள்ளைகளைத் தனியே நிறுத்தி, ஆளுக்கு ஒரு சிறிய புட்டி கொடுத்தார். பெற்றோர் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், அழைத்தாலும் வரமாட்டார்கள். ஆகவே எங்களிடமே சொன்னார். எண்ணெய்ப் பிசுக்கில்லாத காய்ந்த தலையில்தான் தேய்க்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம், அதற்கு மேல் கூடாது. உடனே நன்றாக அலசிவிட வேண்டும். புண் இருக்கும் தலையில் படவே கூடாது. சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு இது வேண்டாம். தன்னிடம் அழைத்து வர வேண்டும்.

"யாரு ஒப்பிக்கிறீங்க பாப்போம்?" என்று கேட்டார்.

நான்தான் எழுந்தேன். ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். "இந்தப் பிள்ளைக்குக் கை தட்டுங்க" என்றார். கோலாட்டத்தில் என்னை விட்டு விலகி நின்றவர்களும் தட்டினார்கள்.

அன்று ஆசிரியர்களுக்கு ஏதோ பயிற்சி இருந்ததால் மதியத்தோடு பள்ளி விட்டார்கள். வீட்டுக்கு நடந்த அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் நான் என்ன நினைத்தேன் என்பதைப் பல முறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். எனக்கு மறதி இல்லை. பத்து நிமிடம் என்பது கொஞ்சம் பேன் இருக்கிறவர்களுக்கு. என் தலைக்குப் போதாது என்று நினைத்தேன். எனக்கு மட்டும் போட்டால், இரவில் தங்கையின் தலையிலிருந்து மீண்டும் ஏறிவிடும் என்று நினைத்தேன். மொட்டைத் தலையோடு கோல் பிடித்து நிற்பதை நினைத்தேன். தங்கையின் தலைப் புண்கள் நினைவுக்கு வந்தபோது, வேறெதையோ நினைத்தேன்.

"என்ன சொன்னாக?" என்று புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி அத்தை கேட்டாள். மேலே எழுதியிருந்தது அத்தனையும் ஆங்கிலம்.

"தேய்ச்சு ஊற வைக்கணுமாம்."

"எம்புட்டு நேரம்?"

"நல்லா ஊறணுமாம்."

அவளுக்கு அது புதிய செய்தியாக இல்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். "சின்னவளுக்கும் போடலாமான்னு கேட்டியா?"

"போடலாமாம்."

அத்தை மூடியைத் திறந்து முகர்ந்தாள். நெடி அவளுக்குப் பிடிக்கவில்லை. மருந்து சூடு, பிள்ளைகளுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு அதில் மருந்தைக் கலந்தாள். எண்ணெய் மருந்தைத் தோலுக்குள் இன்னும் அதிகமாக இழுத்துச் செல்லும் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. எண்ணெய் கூடாது என்று எனக்குத் தெரியும். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

என் தலைக்குக் கொஞ்சம். தங்கையின் தலை மோசமாக இருந்ததால் மிச்சமெல்லாம் அவளுக்கு.

"எரியுது அயித்தை!"

"எரிஞ்சாத்தான் சாகும். செத்த நேரம் பொறுத்துக்க, என் தங்கம்."

தங்கை துள்ளினாள். நான் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அத்தை பாலித்தீன் பையைத் தலைக்கு மாட்டி, மேலே துண்டை இறுக்கிக் கட்டினாள். "இன்னைக்கு வியாழன். விடிஞ்சா வெள்ளி. காலையில ஊத்தி விட்டுர்றேன். அதுவரைக்கும் அவுக்கப்படாது" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்ற நிம்மதியில் நான் வீட்டுப் பாடத்தை எடுத்தேன்.

மூன்று மணிக்குத் தங்கை விளையாட்டை விட்டுவிட்டு வந்து சுவரோரம் படுத்தாள். பிறகு எழுந்து வாந்தி எடுத்தாள். மாங்காய் தின்றிருப்பாள் என்று அத்தை வாய் கழுவி விட்டாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். எத்தனை நேரம் ஆகியிருந்தது என்பதுகூட எனக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். சற்று நேரத்தில் தங்கையின் வலக்கை தனியே ஆடத் தொடங்கியது. பிறகு உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. கண்கள் மேலே போயின. பல் கிட்டிக்கொண்டது.

அத்தை அலறவில்லை. தங்கையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் சாலைக்கு ஓடினாள். எதிரே வந்த சரக்கு வண்டியை மறித்து ஏறினாள். பின்னாலேயே நானும் ஏறினேன். கீரனூர் மருத்துவமனையில் துண்டை அவிழ்த்ததும் நெடியைப் பிடித்த ஒரு செவிலியர், முதல் வேலையாகக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தலையை அலசினார். பிறகுதான் என்னைக் கவனித்தார். "ஏய், ஒன் தலையிலயும் அதேதானா?" என்று என்னையும் இழுத்துக் குழாய்க்குக் கீழே குனிய வைத்தார். வியாழக்கிழமையில் என் தலையில் தண்ணீர் பட்டது அதுவே முதல் முறை. அங்கிருந்து ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள்.

அம்மா திருச்சியிலிருந்து நேரே அங்கே வந்தாள். கடையின் சீருடைச் சேலையிலேயே இருந்தாள். வார்டுக்கு வெளியே அத்தையின் இரு தோள்களையும் பிடித்து உலுக்கினாள்.

"பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்டி ஒனக்கு! பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

வராந்தாவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை தரையைப் பார்த்தபடி நின்றாள்.

டாக்டர் வெளியே வந்தார். இழுப்பு நின்றிருக்கிறது, ஆனால் இன்னும் ஒரு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். பிறகு அத்தையிடம் திரும்பினார். "எண்ணெயில கலந்து, புண்ணு மேல, இவ்வளவு சின்னக் குழந்தைக்கு. இப்படிப் போடச் சொன்னது யாரு? மருந்து கொடுத்த நர்ஸா? சொல்லுங்க, அவங்க மேல எழுதணும்."

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் என் ஈரப் பின்னலைப் பிழிந்துகொண்டிருந்தேன். சொல்லப்போகிறாள் என்று பயந்தேன்.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் செஞ்சேன்" என்றாள்.

நான் சொன்னதை அவள் பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று நம்பினேன். நல்ல வேளை என்று மூச்சு விட்டேன்.

தங்கை பிழைத்தாள். ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது அவள் தலையை மழித்திருந்தார்கள். என் தலையை யாரும் தொடவில்லை. கோலாட்டத்தில் ஆடினேன். அப்பா போனில், "கொஞ்ச நாளைக்கு அவ வேற எங்கிட்டாவது இருக்கட்டும்" என்றார். அத்தை தகரப் பெட்டியோடு விராலிமலைக்குப் போய், நெடுஞ்சாலையோர உணவுக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கொஞ்ச நாள் என்பது ஆண்டுகளாக நீண்டது. அம்மா வேலையை விட்டுவிட்டு எங்களோடு இருந்தாள். மருந்து கிடைத்தும் கெடுத்துக்கொண்ட குடும்பம் என்று எங்களைப் பற்றி யாரேனும் எழுதியிருந்தால், படிப்பறிவு இல்லாததே காரணம் என்று எழுதியிருப்பார்கள். வீட்டிலேயே நன்றாகப் படித்தவள் செய்த காரியம் அது.

கல்லூரி முடித்த ஆண்டு நான் அந்தக் கடைக்குச் சென்றேன். அத்தை கிரைண்டருக்கு எதிரே உட்கார்ந்து மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தங்கைக்கு முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாள். நான் இடுப்பைக் காட்டினேன். பிறகு சொன்னேன்: "அயித்தை, அன்னைக்கு நர்சம்மா பத்து நிமிஷம்னுதான் சொன்னாங்க."

"தெரியும் ஆத்தா. மறுநாளே அந்தம்மா ஆசுபத்திரிக்கு வந்துச்சு. 'ஒங்க பிள்ளை அம்புட்டு அழகா ஒப்பிச்சுச்சே, கை தட்டச் சொன்னேனே'ன்னு ஒரே அழுகை. பிள்ளை மறந்திருக்கும், விடுங்கன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன்." மாவிலிருந்து கையை எடுத்தாள். "மறந்துதான போச்சு?"

ஆமாம் என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும் என்று அவள் முகம் கெஞ்சியது.

"இல்லை" என்றேன்.

அத்தை கிரைண்டரை நிறுத்தினாள். டாக்டர் கேட்டபோது அவள் என்னைப் பார்த்தது மறந்துபோனவளின் பார்வையன்று என்பதும், போக்கிடம் இல்லாதவள் தனக்கிருந்த ஒரே இடத்தை அந்தக் கணத்தில் எனக்காக விட்டுக்கொடுத்தாள் என்பதும், பதினொரு வயதில் எனக்கு விளங்கவில்லை.

அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். மூன்றாம் நாள் அம்மா அத்தையை அழைத்துவர விராலிமலைக்குப் பஸ் ஏறினாள். அத்தை திரும்பி வரவில்லை. இப்போது நான் போகும் பள்ளிகளில் எந்தக் குழந்தையின் கையிலும் மருந்தைக் கொடுத்தனுப்புவதில்லை. அந்தக் குழந்தைக்குத் தலை வாரி விடுகிறவர் யாரென்று கேட்கிறேன். அவர் வரும்வரை காத்திருக்கிறேன்.