செய்வினையாகிப்போன செம்புத் தகடு

பவுல்துரை பித்தளைத் தொட்டியின் விளிம்பில் டெஸ்டரை வைத்ததும் அதன் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ஆரணியில் இருபது வருடமாக ஒயர்மேன் அவர். சாமான் மட்டமென்றால் வேலையே வேண்டாமென்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். எண்பத்திரண்டு தை மாதம், பட்டு வியாபாரி சுப்பராயலு மூட்டுவலிக்காக வெந்நீரில் மூழ்கிக் கிடக்க ஆள் நீளத் தொட்டி செய்து, கரண்ட் ஹீட்டர் பொருத்தச் சொன்னார். பவுல்துரை கொல்லையில் ஆளுயரக் குழி வெட்டினார். செம்புத் தகட்டை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி மூடி, அங்கிருந்து தொட்டிக்கு எர்த் கம்பி இழுத்தார். ஹீட்டரில் கரண்ட் கசிந்தால் மண்ணுக்குள் இறங்கி ஃபியூஸ் போய்விடும், தொட்டவர் பிழைப்பார்.

ஆடியில் ஆள் வந்தது. சூடு பார்க்கக் கை வைத்த வேலைக்காரி பொன்னம்மாளைக் கரண்ட் தூக்கி அடித்துவிட்டதாம்.

டெஸ்டர் எரிந்ததைப் பார்த்ததும் கொல்லைக்கு ஓடினார். எர்த் கம்பி அறுந்து தொங்கியது. குழி இருந்த இடத்தில் குங்குமம் பூசிய பூசணிக்காய் அழுகி, ஈ மொய்த்தது.

"தகடு எங்க மொதலாளி?"

"யாவாரம் படுத்துப்போச்சி பவுலு. சாமிக்காரரு வந்து, வூட்ல செய்வினை கீதுன்னாரு. தோண்டினா தகடு, கரி, உப்பு! அவரே எடுத்துகினு போயிட்டாரு."

"உங்க எதிர்லதானே நான் பொதைச்சேன்?"

"நீ பொதைச்சது வேற, இது வேறன்னாரு."

"செம்பு இன்னா வெலைன்னு தெரிஞ்ச சாமிதான்!"

"பேஜார் பண்ணாத. ஜல்தியா ஹீட்டர மட்டும் மாத்திக் குடு. குழி கிழி வேணாம். அவளுக்கு லேசாக் கிள்ளின மாதிரி இருந்திருக்கும்."

சுவரோரம் பொன்னம்மாள் சுருண்டு கிடந்தாள். உள்ளங்கை கருகித் தோல் உரிந்திருந்தது. அதன்மேல் மஞ்சளை அப்பியிருந்தார்கள். டாக்டரிடம் கூட்டிப் போக அந்த வீட்டில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. நாளைக்கும் அவள்தான் அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்க்க வேண்டும்!

"அவ தொட்டா கிள்ளுது. நீங்க தொடுங்க மொதலாளி, கடிச்சிடுமா?"

சுப்பராயலுவின் கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது. அந்தக் கையைப் பார்க்கவே பவுல்துரைக்கு அருவருப்பாக இருந்தது.

மெயினை அணைத்தார். ஹீட்டரைப் பிடுங்கி அழுகிய பூசணிக்காய் மேல் எறிந்தார்.

"பட்டுக்காரத் தெருவுல இனிமே உனக்கு ஒரு பல்பு மாட்ற வேலகூட கெடைக்காது!"

"வேணாம். எழுந்திரும்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வேல பூடுமே அண்ணா," என்று அவள் விம்மினாள்.

"போவட்டும். உசுரு கீதே."

சைக்கிள் கேரியரில் அவளை உட்கார வைத்து மிதித்தார். வாசல்வரை வந்து சுப்பராயலு கத்தினார்: "அப்ப எனக்கு எவ தண்ணி காய வெக்கறது?"

பவுல்துரை திரும்பிப் பார்க்காமல் தெருவோரம் காறித் துப்பினார்.