பூம்பூம் மாட்டோடு பதினைந்து கிலோமீட்டர்

1983 வைகாசி. மறுநாள் சங்கரன்கோவிலில் என் அக்காவுக்குக் கல்யாணம். அக்கா டீச்சர், வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை என்ன ஆகும் என்று இரண்டு வீட்டிலும் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட்டார்: பூம்பூம் மாடு வாசலில் நின்று தலையாட்டாமல் தங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. மாட்டைக் கூட்டி வரும் வேலை என் தலையில் விழுந்தது.

காலை ஏழு மணி பஸ்ஸில் பனவடலிசத்திரம் போனேன். டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். மாட்டுக்காரர் சுப்பையா ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருந்தார். கூலி முப்பது ரூபாய், மாட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல். மாட்டை பஸ்ஸில் ஏற்ற முடியாது என்பது அங்கே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சுமார் பதினைந்து கிலோமீட்டரும் நடைதான். எட்டரைக்குக் கிளம்பினோம்.

உறுமி மேளத்தைத் தேய்த்தால் மாடு மேலும் கீழும் தலையாட்டும், அது 'ஆமாம்'. கயிற்றைச் சுண்டினால் பக்கவாட்டில் ஆட்டும், அது 'இல்லை'. பாதி வழியில் டீக்கடையில் நின்றபோது, யாரும் எதுவும் கேட்காமலே பக்கவாட்டில் ஆட்டியது. சுப்பையாவைக் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, இல்லைங்குது?"

"ஈ மொய்க்கி தம்பி. அதுக்குமா சகுனம் பாப்பிய?"

ஈக்குத் தெரியுமா கல்யாண வீடு? வாசலில் வைத்து இப்படி ஆட்டினால் கல்யாணமே நின்றுவிடுமே! அதற்கு மேல் டீ இறங்கவில்லை. யார் என்ன கேட்டாலும் 'ஆமாம்' என்றுதான் ஆட்ட வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அப்படியும் மனசு ஆறாமல், ஊர் வரும்வரை துண்டால் ஈ விரட்டிக்கொண்டே நடந்தேன். போய்ச் சேரும்போது மணி ஒன்றரை.

மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. மண்டப வாசலில் மாடு நின்றது.

"பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருப்பாகளா?" என்றார் சம்பந்தியம்மா.

ஆட்டியது. எனக்குப் போன உயிர் வந்தது. அவரோ அதோடு விடவில்லை.

"மருமவ வேலைய விட்டுட்டு வீட்டோட இருப்பாளா?"

அதற்கும் ஆட்டியது. கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அக்காவின் வேலைக்கு நானே நடையாய் நடந்து வேட்டு வைத்திருக்கிறேன்!

மணப்பெண் வாசலுக்கு வரக்கூடாத நேரம். அக்கா வந்துவிட்டாள்.

"ஏட்டி, உள்ள போ" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

அக்கா நகரவில்லை. மாட்டைப் பார்த்துக் கேட்டாள்: "ஏ ராசா, கல்யாணத்துக்குப் பொறவும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போவனா?"

சுப்பையா உறுமியைத் தொடாமல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். உறுமி ஒலித்தது, மாடும் ஆட்டியது.

சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கியது. "ரெண்டுக்கும் ஆட்டுதே! இதுல எதை எடுக்க?"

மாப்பிள்ளை கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "வேலை யாருதோ, அவ கேட்டதத்தான் எடுக்கணும்மா."

ஓய்வு பெறும்வரை அக்கா டீச்சர்தான்.

இப்படி மாட்டோடு நடக்க நினைப்பவர்கள் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். வைகாசி வெயிலில் தார் ரோடு கொதிக்கும், குளம்பு தாங்காது. தண்ணீருக்கு ஒரு வாளி அவசியம். எல்லாவற்றுக்கும் முன்னால் கல்யாணப் பெண்ணோடு உட்கார்ந்து பேசுங்கள். மாட்டுக்காரரோடு ஐந்து மணி நேரம் பேசிக்கொண்டே வந்தவன் நான். உனக்கு என்ன வேண்டும் என்று அக்காவிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.