மாமாவுக்கு எடுத்துவைத்த ஆப்பம்

எங்கள் வீட்டில் தவக்காலத்தின் நாற்பது நாளையும் முழுதாகக் கடைப்பிடித்தவர் எங்களோடு தங்கியிருந்த என் தாய்மாமா ஒருவர்தான். அப்பா இரண்டாம் வாரமே யார் வீட்டிலாவது ‘குழம்பு மட்டும்’ ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கறித்துண்டு தானாக வந்து விழுந்தது என்பார். மாமாவோ சாம்பல் புதன் தொடங்கிக் கறியையும் தொடமாட்டார், குடியையும் தொடமாட்டார். அதனால் ஈஸ்டர் காலையில், பூசை முடிந்து, தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த நந்திதுர்க் லைனில் எங்கள் வீட்டுக்கு விருந்துண்ண வருகிறவர்கள் எத்தனை பேரானாலும் முதல் வாய் மாமாவுக்குத்தான். ஆப்பத்தைப் பன்றிக்கறிக் குழம்பில் தோய்த்து அம்மா தன் கையால் ஊட்டுவாள். அவர் விழுங்கிய பிறகுதான் மற்றவர்கள் தட்டில் கை வைக்கலாம்.

எனக்குப் பத்து வயதான வருடம், சுரங்க அதிகாரிகளின் பங்களாவில் குடியிருந்த என் வகுப்புத் தோழியையும் அவள் அம்மாவையும் விருந்துக்கு அழைத்துவிட்டேன். அதற்காக ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவிலிருந்து கேக் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, மாமாவைத் தவிர. சுரங்கத்துக்குள் பாறை துளைக்கிற வேலை அவருக்கு. இரும ஆரம்பித்தால் நிற்காது. சாம்பல் போட்ட தகர டப்பா ஒன்றைக் கூடவே வைத்துக்கொண்டு அதில் துப்புவார். தோழியின் அம்மா அந்த டப்பாவைப் பார்த்தால் என் மானம் கப்பலேறிவிடும் என்று நினைத்தேன்.

பூசை முடிந்து வந்ததும், புதுச்சட்டையோடு வாசலில் நின்றிருந்த மாமாவிடம் போனேன்.

“மாமா, இருமிக்கினு டப்பாவோட நீங்க உள்ள வர வேணாமாம். எல்லாரும் போனப்புறம் வரச் சொல்லுச்சு அம்மா.”

“அக்காவா சொல்லுச்சு?”

“ஆமா.”

“சரி கண்ணு. நீ போய்ச் சாப்டு.”

டப்பாவைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடந்து போனார்.

டப்பாவைப் பற்றியே யோசித்த நான் முதல் வாயை மறந்துபோயிருந்தேன். அம்மா தட்டோடு வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்தாள். வந்தவர்கள் எல்லோரும் தட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஏன் யாரும் சாப்பிடவில்லை என்று தோழி என் காதில் கேட்டாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

“எங்க போயிருப்பான்? நாப்பது நாள் காஞ்ச நாக்காச்சே” என்றார் அப்பா. யாரோ சிரித்தார்கள்.

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. “இன்னும் அரை மணி நேரம் தாங்கல பாரு அவனுக்கு” என்று தட்டை மூடிவைத்துவிட்டு, எல்லோரையும் சாப்பிடச் சொன்னாள். நான் கேக் சாப்பிட்டேன், அதுவும் இரண்டு துண்டு. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

மாமா மத்தியானம் வந்தார். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிக் குவித்த சயனைடு மண்மேட்டடியில் போய் உட்கார்ந்திருந்திருக்கிறார். புதுச்சட்டையெல்லாம் மண். குடித்துவிட்டு விழுந்து புரண்ட மண் அது என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். ஆறிப்போன தட்டை அவர் முன்னால் வைத்தாள். ஊட்டவில்லை. அவரும் அவளை நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டார். எந்த நிமிடமும் அம்மாவிடம் கேட்டுவிடுவார், என் குட்டு உடைந்துவிடும் என்று கதவோரம் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை.

அடுத்த மாதமே, சிநேகிதர்களோடு தங்கிக்கொள்கிறேன் என்று மாமா வேறு லைனுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஈஸ்டருக்குக் கூப்பிட்டால் ஷிப்ட் இருக்கிறது என்பார். குடித்த வெட்கம் என்பாள் அம்மா. சில வருடங்களில் அந்த இருமலே அவரைக் கொண்டுபோனது. அம்மாவும் இப்போது இல்லை. அவளிடம் நான் சொல்லவே இல்லை.

மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே என்று வெகுகாலம் மனதுக்குள் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். காட்டிக்கொடுக்க அவரிடம் ஒன்றுமே இருக்கவில்லை என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் உறைத்தது. நான் சொன்னதை அவர் அப்படியே நம்பியிருந்தார். அக்காவே தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று நம்பித்தான் செத்தும் போனார்.