ஷரீஃபாவின் நெஞ்சுக்குள்

மட்டாஞ்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் சவக்கிடங்கில் 1951 முதல் வேலை பார்த்தார் சிகாபுதீன். டாக்டர் விஸ்வேஸ்வரன் சொல்லச் சொல்லப் பிணத்தை அறுத்துத் திறப்பதும், பிறகு தைத்துக் கொடுப்பதும் அவர் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் மண்ணீரல் எங்கே, பித்தப்பை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுவார்.

நூற்றுக்கணக்கான உடல்களுக்குள் பார்த்தவருக்கு ஒரு முடிவு உண்டாகியிருந்தது. மனசு என்று தனியாக எதுவும் கிடையாது. இருந்திருந்தால் ஒரு தடவையாவது கையில் தட்டுப்பட்டிருக்கும். சாயாக்கடையில் யாராவது ரூஹு, ஆத்மா என்று பேச்செடுத்தால், "நான் பாக்காத உள்ளா? எங்க இருக்குன்னு காட்டுங்க" என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

1958இல் அவர் தங்கை ஷரீஃபா ஆலுவாவில் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். பெற்ற மூன்றும் பிறந்த சூட்டோடு போய்விட்டன. புருஷன் தலாக் சொல்லிவிட்டான். சுள்ளிக்கல்லில் சிகாபுதீனும் அம்மாவும் இருந்த இரண்டு அறை வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

"அண்ணே, நெஞ்சுக்குள்ள கல்லு வெச்ச மாதிரி இருக்கு. மூச்சு விட முடியலே."

சிகாபுதீன் சிரித்தார்.

"அங்க இருக்கறது ரத்தத்தைத் தள்ளுற சதை. கைப்பிடி அளவுதான். சங்கடம் அதுக்குள்ள எங்க போயி ஒக்காரும்? எந்திரிச்சு சோத்தைத் தின்னு."

அதற்கப்புறம் அவள் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காயல் தண்ணீரில் பிணமாக மிதந்தாள். போலீஸ் கொண்டுவந்து கிடத்தியது சிகாபுதீனின் மேஜையில்தான்.

"நீ வீட்டுக்குப் போப்பா. எறணாகுளத்துலேர்ந்து வேற ஆளை வரச் சொல்றேன்" என்றார் டாக்டர்.

"அவன் வர நாளைக்காயிரும் சார். இன்னிக்கே அடக்கம் பண்ணணும். அவன் கையும் முரடு. நானே செய்யறேன்."

அவரே செய்தார். நுரையீரலில் தண்ணீர். மற்றதெல்லாம் இருபத்தாறு வயதுக்காரிக்கு இருக்கவேண்டியபடியே இருந்தது. இதயத்தை எடுத்து நீட்டினார். டாக்டர் கீறிப் பார்த்தார்.

"நன்னா இருக்கு. ஒரு கோளாறும் இல்லே."

"இன்னொரு தடவை பாருங்க சார்."

"பாத்தாச்சுப்பா."

"அப்ப இவளுக்கு எங்க சார் வலிச்சது?"

விஸ்வேஸ்வரன் கையுறையைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்தார். வெகுநேரம் கை கழுவினார்.

சிகாபுதீன் தைத்தார். அவ்வளவு நெருக்கமான தையல் அவர் யாருக்கும் போட்டதில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது.

வீட்டில் அம்மா கேட்டாள்: "நீதானே தொறந்து பாத்தே. எம்புள்ளைக்கு உள்ளே என்ன இருந்துச்சு?"

வேறு ஏதாவது சொல்ல நினைத்தார். "ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாமலா போயி விழுந்தா?"

அம்மா அவரிடம் பேசியது அதுதான் கடைசி. இன்னும் ஆறு வருஷம் அதே வீட்டில் இருந்தாள், அவர் போட்ட சோற்றைத் தின்றாள், முகத்தைப் பார்க்கவில்லை. வேறு வேலை கேட்டு இரண்டு தடவை மனுக் கொடுத்தார், கிடைக்கவில்லை. சாயாக்கடையில் ஆத்மா பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. இருக்கிறது என்று நம்பவும் முடியவில்லை.

1964இல் அம்மா காய்ச்சலில் இறந்தாள். கடைசி நாளில் அவர் ஊட்டிய கஞ்சிக்கு வாயைத் திறந்தாள், கண்ணைத் திறக்கவில்லை. அடக்கம் செய்துவிட்டு மறுநாள் காலையில் வேலைக்குப் போனார். மேஜையில் கும்பளங்கி ஊர்க்காரர் ஒருவரின் பிணம் கிடந்தது. கத்தியை எடுக்குமுன் அதன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார்.