புரட்டாசி விரதமும் ஜப்பானியக் கத்திரிக்காயும்

சென்ற புரட்டாசி மாதம் முழுவதும் அசைவம் தீண்டாமலிருந்து, கடைசிச் சனிக்கிழமை திருமலைக்கு நடந்தே ஏறுவதாக நானும் என் ஓரகத்தி சுமதியும் நேர்ந்துகொண்டிருந்தோம். அதற்கு முதல் நாள், நகரியிலுள்ள எங்கள் வீட்டில் ஜப்பானிய முறையில் கத்திரிக்காய் சமைக்க முற்பட்டேன். திருப்பதிக் கடையொன்றில் வாங்கிவந்த சோயா விழுதைச் சர்க்கரையுடன் காய்ச்சி, இரண்டாகப் பிளந்து வதக்கிய காய்களின்மேல் பளபளக்கப் பூசினேன். பதம் பார்க்கவென்று விரலால் வழித்து வழித்துச் சுவைத்தேன்.

அப்போது, காய்கறியை ஏறிட்டும் பாராத தெருப்பூனை சன்னலில் ஏறிக் கத்தத் தொடங்கியது.

“இன்னாக்கா இது, கத்திரிக்காய்க்குப் பூன வருது? மீன் கவுச்சி அடிக்குதே!” என்றாள் சுமதி.

“ஜப்பான்காரன் சாமான்டி, அப்டித்தான் இருக்கும். பேசாம துன்னு.”

“நீயே துன்னு. நான் நாளிக்கி மலை ஏறணும்.”

ஐயம் தோன்றவே, புட்டியின் விலைச்சீட்டை உரித்தேன். அதனடியில் அசைவக் குறி இருந்தது; சேர்மானங்களில் சூரைமீன் தூளும் இருந்தது. பலமுறை கொப்பளித்தும், புளியால் நாக்கைத் தேய்த்தும், இனிப்பில் ஊறிய அந்தக் கவுச்சி தொண்டையை விட்டு அகலவில்லை. பளபளத்த காய்களைக் காணவே அருவருப்பாயிருந்தது; அனைத்தையும் குப்பையில் கொட்டினேன்.

மறுநாள் சுமதி தனியே மலையேறினாள். உடன்செல்ல என் மனம் ஒப்பவில்லை.

இப்போதெல்லாம் கடையிலேயே சீட்டை உரித்துப் படித்த பிறகுதான் எந்தப் புட்டியையும் கூடையில் இடுகிறேன். கடைக்காரர் முறைக்கிறார். முறைக்கட்டும், அந்தச் சுவை அவர் நாக்கில் இல்லை.